22-ஆம் இடமும் ஒரு படி ஏற்றமும்: கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் தேர்வறைக்கு ஒரு திறந்த மடல்

2025 மே

பெறுநர்:
உரிமையாளர்கள் ஜிம்மி ஹாஸ்லம், டீ ஹாஸ்லம்;
பொது மேலாளர் ஆண்ட்ரூ பெர்ரி மற்றும் தேர்வுக் குழுவினர்,
கிளீவ்லண்ட் பிரவுன்ஸ், பெரீயா, ஒஹாயோ.

வணக்கம்.

சென்ற மாத டிராஃப்டில், அதாவது அமெரிக்கன் ஃபுட்பால் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், நீங்கள் செய்த பேரம்தான் இந்த மடலுக்குக் காரணம். கையிலிருந்த 2-ஆம் இடத்தையும் 104, 200 ஆகிய இரண்டையும் ஜாக்சன்வில் அணிக்குக் கொடுத்தீர்கள். பதிலுக்கு 5, 36, 126, அவற்றோடு 2026-க்கான அவர்களுடைய முதல் சுற்றுத் தேர்வும் வந்தன. அவர்கள் டிராவிஸ் ஹன்டரை எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் 5-இல் மேசன் கிரஹாமையும் 36-இல் குவின்ஷான் ஜட்கின்ஸையும் எடுத்தீர்கள். ஆக, வரும் ஏப்ரலில் உங்களுக்கு இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகள். அவற்றை வைத்து என்ன செய்யக்கூடாது என்று சொல்ல வெளியார் தேவையில்லை, உங்கள் பழைய கணக்குப் புத்தகமே போதும். அதைத்தான் இங்கே புரட்டுகிறோம்.

மடலை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒரு விளக்கம். அமெரிக்கன் ஃபுட்பாலின் என்.எஃப்.எல். லீக்கில் 32 அணிகள். கல்லூரியை முடித்து வரும் ஆட்டக்காரர்களை ஆண்டுக்கு ஒருமுறை ஏழு சுற்றுகளாகப் பங்கிட்டுக்கொள்வதுதான் டிராஃப்ட். போன ஆண்டு கடைசியில் கிடந்த அணி முதலில் எடுக்கும், கோப்பை வென்ற அணி 32-ஆவதாக எடுக்கும். இது ஏலம் அல்ல, பணத்தை வீசி ஆளைத் தூக்க முடியாது. ஆனால் இடங்களை மாற்றிக்கொள்ளலாம், இன்னும் வராத ஆண்டின் இடத்தைக்கூட விற்கலாம். இந்தப் பண்டமாற்றுக்கு ஒரு விலைப்பட்டியல் உண்டு. 1990களின் தொடக்கத்தில் டாலஸ் கௌபாய்ஸில் ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்தபோது உருவானது. முதல் இடத்துக்கு 3000 புள்ளி, 2-க்கு 2600, 5-க்கு 1700, 16-க்கு 1000, முதல் சுற்றின் கடைசியான 32-க்கு 590. இன்று அணிக்கு அணி புதிய பட்டியல் வைத்திருக்கிறார்கள் என்றாலும், பேரம் படிந்ததா என்று சட்டெனப் பார்க்க இந்தப் பழைய தராசு இன்னும் உதவும்.

ஜாக்சன்வில் பேரத்தை அதில் வைத்துப் பாருங்கள். நீங்கள் கொடுத்தது ஏறத்தாழ 2700 புள்ளி. உடனே கைக்கு வந்தது 1700, 540, 46, ஆக 2286. மிச்சம் 400-க்குச் சற்று மேல். அடுத்த ஆண்டுத் தேர்வை ஒரு சுற்று கீழே இறக்கி மதிப்பது வழக்கம். இரண்டாம் சுற்றின் நடுவிலுள்ள 48-ஆம் இடத்துக்கு 420 புள்ளி. கணக்கு நேராகிவிட்டது. ஜாக்சன்வில் அடுத்த பருவத்தில் சறுக்கினால் லாபம் முழுக்க உங்களுக்கு. நல்ல வியாபாரம், குறை சொல்ல எதுவும் இல்லை.

இந்த அணி நல்ல வியாபாரம் செய்வது இது முதல் முறை அல்ல என்பதுதான் எங்கள் கவலை. வாங்கும்போது சாமர்த்தியம், செலவழிக்கும்போது கோட்டை விடுவது. 2011-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 6-ஆம் இடத்தை அட்லான்டாவுக்குக் கொடுத்து 27, 59, 124, அடுத்த ஆண்டின் முதல் சுற்று, நான்காம் சுற்று என ஐந்து தேர்வுகளை வாங்கினீர்கள். காகிதத்தில் பழுதே இல்லாத பேரம். அப்புறம் நடந்தது என்ன? 27-ஐயும் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் சேர்த்துக் கன்சாஸ் சிட்டியிடம் கொடுத்து 21-க்கு ஏறி ஃபில் டெய்லரை எடுத்தீர்கள். 59-இல் கிரெக் லிட்டில். 124-இல் ஓவன் மரேசிக், ஓட்டக்காரருக்கு முன்னால் போய் வழி விலக்கிக் கொடுக்கும் ஃபுல்பேக். அடுத்த ஆண்டு வந்த 22-ஆம் இடத்தில் பிராண்டன் வீடன். இவர்களில் ஒருவர்கூட ஐந்தாண்டு தாக்குப்பிடிக்கவில்லை. அட்லான்டா அந்த ஒற்றை 6-ஆம் இடத்தில் எடுத்த ஜூலியோ ஜோன்ஸ் 2015-இல் மட்டும் 136 பந்துகள் பிடித்து 1871 யார்டு குவித்தார். ஒரு யானையை விற்று ஐந்து ஆடு வாங்குவதில் தவறில்லை. அந்த ஆடுகளை யார் மேய்ப்பது என்று யோசிக்காததுதான் தவறு.

22 என்ற எண்ணுக்கு வருவோம். 2007-இல் யாரும் எடுக்காமல் அறையில் உட்கார்ந்து வாடிக்கொண்டிருந்த பிரேடி குவினை எடுக்க, டாலஸுக்கு அந்த ஆண்டின் இரண்டாம் சுற்றையும் 2008-இன் முதல் சுற்றையும் கொடுத்து 22-க்கு வந்தீர்கள். 2012-இல் அதே 22-இல் வீடன். பேஸ்பாலில் சில ஆண்டுகளைக் கழித்துவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பியவர், டிராஃப்ட் நாளன்று அவருக்கு வயது 28. 2014-இல் மறுபடியும் 22, இந்த முறை ஜானி மேன்ஸல். 26-இலிருந்து அங்கே ஏற 83-ஆம் தேர்வைக் கூடுதலாகக் கொடுத்தீர்கள். பட்டியல்படி 26-க்கும் 22-க்கும் இடையே 80 புள்ளிதான்; 83-இன் மதிப்பு 175. மூவருமே குவார்ட்டர்பேக்குகள், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்கள். மூவரும் சேர்ந்து உங்களுக்காக 40 ஆட்டங்களைத் தொடங்கினார்கள், 10-இல் வென்றார்கள்.

இதை எண்ணின் ராசி என்று தள்ளிவிடலாம். ஆனால் காரணம் இருக்கிறது. மூன்று முறையும் குவார்ட்டர்பேக் உங்கள் முதல் ஆசையாக இல்லை. 2007-இல் 3-ஆம் இடத்தில் ஜோ தாமஸ், 2012-இல் 3-இல் டிரென்ட் ரிச்சர்ட்சன், 2014-இல் 8-இல் ஜஸ்டின் கில்பர்ட். அதன் பிறகு, ‘சரி, குவார்ட்டர்பேக் ஒருவரும் வேண்டுமே’ என்று மிச்சப் பணத்தில் வாங்கியவர்கள்தான் அந்த மூவரும். உண்மையில் ஒருவர்மேல் நம்பிக்கை இருந்திருந்தால் 3-ஆம் இடத்திலேயே எடுத்திருப்பீர்கள். நம்பிக்கை இல்லையென்றால் 22-இலும் எடுத்திருக்கக் கூடாது. 2012-இல், பின்னாளில் கோப்பை வென்ற குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் 75-ஆம் இடத்தில் சியாட்டிலுக்குப் போனார். 75-க்கு 215 புள்ளி, 22-க்கு 780. அரைமனதாக வாங்குவதென்றால் மலிவாக வாங்க வேண்டும். முதல் சுற்று என்றால் ஐந்தாம் ஆண்டு ஒப்பந்த நீட்டிப்பு உரிமை கிடைக்கிறதே என்று வாதிடலாம். லீக்குக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு அது உண்மைதான், பால்டிமோர் 2018-இல் 32-ஆம் இடத்துக்கு ஏறி குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சனை எடுத்தபோது அந்தக் கூடுதல் ஆண்டும் கூடவே வந்தது. ஆனால் ஐந்தாம் ஆண்டைப் பார்க்கும் அளவுக்கு உங்களிடம் நிலைத்த குவார்ட்டர்பேக் யார்?

அடுத்தது ஒரு படி ஏற்றம். மூன்று முறை இந்த அணி ஒரே ஒரு இடம் மேலே போவதற்காக விலை கொடுத்திருக்கிறது. 2004-இல் 7-இலிருந்து 6-க்கு, கெலன் வின்ஸ்லோவுக்காக. 2012-இல் 4-இலிருந்து 3-க்கு, ரிச்சர்ட்சனுக்காக. 2014-இல் 9-இலிருந்து 8-க்கு, கில்பர்ட்டுக்காக. முதலாவது ஏற்றம்தான் வயிற்றெரிச்சல். பட்டியலில் 7-க்கும் 6-க்கும் வித்தியாசம் 100 புள்ளி. டெட்ராய்ட்டுக்கு நீங்கள் கொடுத்தது 37-ஆம் தேர்வு, அதாவது 530 புள்ளி. நூறு ரூபாய்ச் சாமானுக்கு ஐந்நூற்று முப்பது. வின்ஸ்லோ இரண்டாவது ஆட்டத்திலேயே காலை முறித்துக்கொண்டார், அடுத்த ஆண்டு மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கி முழுப் பருவத்தையும் இழந்தார். காயத்துக்கு உங்களைக் குறை சொல்லவில்லை, விலைக்குத்தான் சொல்கிறோம். 2012-இல் மினசோட்டாவுக்குக் கொடுத்த நான்காம், ஐந்தாம், ஏழாம் சுற்றுத் தேர்வுகள் பட்டியல்படி மலிவு. ஆனால் 4-ஆம் இடத்தில் காத்திருந்து ரிச்சர்ட்சன் கைநழுவிப் போயிருந்தாலும் அது இழப்பாக இருந்திருக்காது என்பதை ஓட்டக்காரரான அவருடைய முதல் பருவமே சொன்னது: 950 யார்டு, ஒரு ஓட்டத்துக்குச் சராசரி 3.6. கில்பர்ட் இரண்டே பருவங்கள் உங்களோடு இருந்தார். பிறகு பிட்ஸ்பர்க்கிடம் ஓர் ஆறாம் சுற்றுத் தேர்வுக்குப் போனார். அவரை எடுத்த ஆண்டில் 13-ஆம் இடத்தில், பின்னாளில் தற்காப்பில் பெரும் நட்சத்திரமான ஆரன் டானல்ட் இன்னும் இருந்தார்.

ஒரு படி ஏறுவது எப்போதும் பயத்தில் பிறக்கிறது. ‘இடையில் யாரோ புகுந்து நம் ஆளைத் தூக்கிவிடுவார்கள்’ என்று தொலைபேசியில் யாரோ கிளப்பிவிடுவார்கள். கிளப்புபவர் பெரும்பாலும் அந்த இடத்தை விற்க நினைப்பவரே. தேர்வறையில் இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. ஏறுவதற்கு முன், ஆட்டக்காரர்களைத் தர வரிசையில் எழுதிய பலகையில் அடுத்துள்ள பெயரின் மதிப்பெண்ணைப் பாருங்கள். முதல் பெயருக்கும் அதற்கும் பெரிய இடைவெளி இல்லையென்றால் தொலைபேசியை வைத்துவிடலாம். இடைவெளி பெரிதாக இருந்தால், அது சென்ற டிசம்பரிலும் அப்படியே இருந்ததா, அல்லது கடைசி இரண்டு வாரத்தில் முளைத்ததா என்று கேளுங்கள். கடைசி இரண்டு வாரத்தில் முளைத்த இடைவெளிக்கு ஆட்டத்தோடு சம்பந்தம் குறைவு. அந்த வாரங்களில் யாரும் ஆட்டம் ஆடுவதில்லையே.

இப்போது நோயின் வேருக்கு வருவோம். தேர்வைச் சம்பாதிப்பவர் ஒருவர், செலவழிப்பவர் வேறொருவர். 2013 செப்டம்பரில் ரிச்சர்ட்சனை இண்டியானபோலிஸுக்கு விற்று ஒரு முதல் சுற்றுத் தேர்வு வாங்கியது அன்றைய பொது மேலாளர் மைக்கேல் லொம்பார்டியின் காலம். ஓட்டக்காரர் ஒருவருக்கு அப்படியொரு விலை என்பது அன்றைக்குக் கொள்ளை லாபம். ஆனால் 2014 பிப்ரவரியில் லொம்பார்டி வெளியே, ரே ஃபார்மர் உள்ளே. விற்றுக் கிடைத்த 26-ஆம் இடம்தான் மேன்ஸலாக மாறியது. 2012-இன் மூன்றாம் இடத்தைக் கரைத்துக் கரைத்து இறுதியில் எட்டு ஆட்டத் தொடக்கங்களாக்கினீர்கள்.

இன்னொரு சங்கிலி 2016-இலிருந்து. அப்போது தேர்வறையை நடத்திய ஸாஷி பிரவுன் 2-ஆம் இடத்தைப் பிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்தார், அவர்கள் கார்சன் வென்ட்ஸை எடுத்தார்கள். வந்தவற்றில் ஒன்று 2017-இன் 12-ஆம் இடம். அதை ஹூஸ்டனுக்குக் கொடுத்தார், அவர்கள் டிஷான் வாட்சனை எடுத்தார்கள். அதற்குப் பதிலாக வந்தவை 25-உம் 2018-இன் 4-ஆம் இடமும். அந்த 4-இல் டென்ஸல் வார்டை எடுத்தபோது ஸாஷி பிரவுன் அலுவலகத்தில் இல்லை, நாற்காலியில் ஜான் டோர்ஸி இருந்தார். ஒரு வெற்றி 15 தோல்வி, பிறகு 16-உம் தோல்வி என்று இரண்டு பருவங்களை விழுங்கிச் சேர்த்த சீட்டுக்கட்டை, சேர்த்தவர் ஆடவே இல்லை. வார்டு நல்ல தேர்வு, அதில் சந்தேகமில்லை. அதே 2016-இல் 14 பேரை எடுத்தும், முதலாமவர் கோரி கோல்மன் இரண்டு ஆண்டில் ஓர் ஏழாம் சுற்றுத் தேர்வுக்கு விலைபோனார் என்பதையும் மறைக்க வேண்டாம். சேர்ப்பது ஒரு திறமை, ஆளை அறிவது வேறொரு திறமை.

ஆள் மாறுவதால் என்ன கெடுகிறது என்பதை வெளியே பலரும் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. தேடுநர்கள் ஆகஸ்ட் முதல் கல்லூரி கல்லூரியாக அலைந்து ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். அது பழைய மேலாளரின் அளவுகோல். அவருக்கு வேகம் முக்கியமாக இருக்கலாம், கை நீளம் முக்கியமாக இருக்கலாம். பருவம் முடிந்ததும் அவர் போகிறார். புதியவர் வரும்போது மொபைல் நகரில் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்களைக் காட்டிக்கொள்ளும் சீனியர் பௌல் ஆட்டம் முடிந்திருக்கும், இண்டியானபோலிஸில் உடல் சோதனைகள் தொடங்க இன்னும் சில வாரங்களே இருக்கும். தேடுநர்களின் ஒப்பந்தம் வழக்கமாக டிராஃப்ட் முடிந்த பிறகே தீரும் என்பதால், புதியவர் பழையவரின் ஆட்களோடும் பழையவரின் மதிப்பெண்களோடும்தான் முதல் டிராஃப்டில் உட்காருகிறார். மதிப்பெண்ணை நம்பவும் முடியாது, மாற்ற நேரமும் இல்லை. அந்தச் சூழலில் மனிதர்கள் பத்திரிகையில் பெரிதாக அடிபடும் பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள். 2014-இன் மேன்ஸலுக்கு இதைவிட நல்ல விளக்கம் எங்களுக்குத் தெரியவில்லை.

இது, இடையில் நின்றுபோன அணி மறுபடி தொடங்கிய 1999-க்குப் பிறகு வந்த வியாதி என்று நினைத்தால், பழைய ஏடுகளில் எதிர்ச்சான்று ஒன்று கிடக்கிறது. 1970-இல் பந்து பிடிப்பதில் நட்சத்திரமான பால் வார்ஃபீல்டை மயாமிக்குக் கொடுத்து, 3-ஆம் இடத்தில் மைக் ஃபிப்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தீர்கள். வார்ஃபீல்ட் 1972-இல் ஒரு தோல்வியும் இல்லாத மயாமி அணியில் ஆடினார். ஃபிப்ஸ் தேறவில்லை. ஆனால் 1977-இல் அவரைச் சிகாகோவுக்கு விற்று வாங்கிய முதல் சுற்றுத் தேர்வின் வழியாகத்தான் 1978-இல் ஓஸி நியூசம் வந்தார். நியூசம் பதின்மூன்று பருவம் ஆடினார், பிறகு உங்கள் தேர்வுக் குழுவிலேயே சேர்ந்து தொழில் கற்றார். 1995-இல் 10-ஆம் இடத்தை சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்து 1996-இன் ஒரு முதல் சுற்றைச் சேர்த்து வைத்தீர்கள். அந்தக் குளிர்காலத்தில் அணி பால்டிமோருக்குப் பெயர்ந்தது. 1996 ஏப்ரலில் 4-ஆம் இடத்தில் ஜானதன் ஆக்டனையும், சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வந்த 26-இல் ரே லூயிஸையும் எடுத்தவர் நியூசம். இருவரும் இன்று ஃபுட்பால் புகழவையில் (ஹால் ஆஃப் ஃபேம்) இருக்கிறார்கள். கிளீவ்லண்டில் விதைத்த நெல், பால்டிமோரில் அறுவடை. நியூசம் அங்கே 2018 பருவம் வரை அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. வேறுபாடு அங்கேதான்.

குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையான தடுப்பு வரிசையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வரும் ஏப்ரலின் கேள்வியே அதுதான். 1999-இல் முதல் இடத்தில் டிம் கௌச்சை எடுத்து, அவசரமாகத் திரட்டிய ஒரு தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிறுத்தினீர்கள். முதல் ஆட்டத்தில் பிட்ஸ்பர்க்கிடம் 43-0. இரண்டாவது ஆட்டத்திலிருந்து கௌச் தொடங்கினார், அந்தப் பருவத்தில் 56 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். அப்படி அடி வாங்கியவர் அடுத்த ஆண்டு கண்ணைத் தூர நிறுத்த மாட்டார், பாய்ந்து வருபவனைத்தான் பார்ப்பார். அதைப் பயிற்சியால் திருத்துவது மிகக் கடினம்.

முரண் என்னவென்றால், தடுப்பு வரிசை ஆட்களைக் கண்டுபிடிப்பதில் நீங்கள் கெட்டிக்காரர்கள். ஜோ தாமஸ் டிராஃப்ட் நாளன்று அப்பாவோடு மிஷிகன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு 10,363 ஆட்ட நகர்வுகள் இடைவெளியே இல்லாமல் களத்தில் நின்றார். 2009-இல் 5-இலிருந்து மூன்று முறை இறங்கி 21-இல் எடுத்த அலெக்ஸ் மேக், வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர். 2012-இல் 3, 22 ஆகியவற்றைத் தாண்டி 37-இல் வந்த மிட்செல் ஷ்வார்ட்ஸ், அந்த வகுப்பிலேயே உங்களுக்கு வாய்த்த சிறந்தவர். 2014-இன் 35-இல் ஜோயல் பிட்டோனியோ. இந்த நால்வரும் ஒரே வரிசையில் நின்ற காலம் ஒன்று இருந்தது. 2016 மார்ச்சில் மேக்கையும் ஷ்வார்ட்ஸையும் ஒரே வாரத்தில் போகவிட்டீர்கள். மேக் அந்தப் பருவமே அட்லான்டாவோடு கோப்பைக்கான இறுதி ஆட்டமான சூப்பர் பௌலுக்குப் போனார், ஷ்வார்ட்ஸ் பிறகு கன்சாஸ் சிட்டியோடு வென்றார். தாமஸுக்குப் பின் 2020-இல் 10-ஆம் இடத்தில் எடுத்த ஜெட்ரிக் வில்ஸ் அலபாமாவில் வலப்பக்கம் ஆடியவர், அவரை இடப்பக்கம் மாற்றினீர்கள். மூன்று இடம் தள்ளி 13-இல் டாம்பா பே எடுத்தது, பின்னாளில் சிறந்த தடுப்பாளராகப் பெயரெடுத்த டிரிஸ்டன் விர்ஃப்ஸை.

குவார்ட்டர்பேக் வாட்சன் விவகாரத்தில் நீண்ட பேச்சுக்கு அவசியமில்லை. 2017-இல் அவரை எடுக்காமல் 12-ஆம் இடத்தை எந்த ஹூஸ்டனுக்கு விற்றீர்களோ அதே ஹூஸ்டனுக்கு, 2022-இல் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளையும் மேலும் சில தேர்வுகளையும் கொடுத்து, 23 கோடி டாலர் முழு உத்தரவாத ஒப்பந்தத்தோடு அவரை வாங்கினீர்கள். அந்த மூன்றும் கடைசியில் 13, 12, 23-ஆம் இடங்களாக விழுந்தன: 1150, 1200, 760, மொத்தம் 3110 புள்ளி. முதல் இடத்தின் விலையைவிட அதிகம். மூன்று பருவத்தில் அவர் ஆடியது 19 ஆட்டம். அதே குவார்ட்டர்பேக் பொறுப்புக்கு 2018-இல் முதல் தேர்வாக வந்து, நான்கு ஆண்டில் நான்கு தலைமைப் பயிற்சியாளர்களைப் பார்த்து, 2020 பருவத்தில் பிட்ஸ்பர்க் மண்ணிலேயே பிளேஆஃப் ஆட்டம் வென்று கொடுத்த பேக்கர் மேஃபீல்டை ஓர் ஐந்தாம் சுற்றுத் தேர்வுக்கு விட்டுக்கொடுத்தீர்கள். விதைநெல்லை விற்றுப் பட்டுச்சேலை எடுத்த கதை.

ஆகவே எங்கள் கோரிக்கை. 2026-இன் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் ஒன்றாகக் கட்டி ஒரு குவார்ட்டர்பேக்குக்காக மேலே ஏற வேண்டாம். உங்கள் இரண்டில் உயர்ந்தது தானாகவே முதல் ஐந்துக்குள் விழுந்து, அங்கே மனம் ஒப்பும் ஒருவர் இருந்தால் எடுங்கள். இல்லையென்றால் இந்த ஆண்டு 94-இல் எடுத்த டிலன் கேப்ரியலையும் 144-இல் எடுத்த ஷடூர் சாண்டர்ஸையும் முழுதாகச் சோதித்துப் பார்க்க இன்னொரு பருவம் கொடுங்கள். 40 வயது ஜோ ஃபிளாக்கோவை உட்கார வைத்திருப்பதே அந்த அவகாசத்துக்காகத்தானே. இரண்டாவது தேர்வு ஒரு டேக்கிளுக்கு, அதாவது தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவருக்குப் போகட்டும், கல்லூரியில் எந்தப் பக்கம் ஆடினாரோ அதே பக்கத்தில் ஆடப்போகிறவருக்கு.

ஹாஸ்லம் தம்பதிக்குத் தனியாக ஒன்று. பெர்ரி 2020 ஜனவரியிலிருந்து இருக்கிறார், வாட்சன் பேரம் உட்பட எல்லாமே அவர் காலத்தது. அவரை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. மாற்றுவதாக இருந்தால் இந்தக் கோடையிலேயே மாற்றுங்கள், புதியவர் ஆகஸ்டிலிருந்து தன் அளவுகோலோடு தேடுநர்களை அனுப்பட்டும். ஜனவரியில் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
பிரவுன்ஸ் டிராஃப்ட் ஏடுகளைப் புரட்டும் சில தமிழ் வாசகர்கள்

பி.கு.: 35-ஆம் இடம் கைக்கு வந்தால் விற்றுவிடாதீர்கள். பிட்டோனியோ 2014-இலும் நிக் சப் 2018-இலும் அங்கிருந்துதான் வந்தார்கள். மூடநம்பிக்கைதான், ஆனாலும் 22-க்கு இது எவ்வளவோ தேவலை.